மாறும் மணியும் மாறா நிரலும்

மென்பொருள் உருவாக்குவோரின் பணி, நிரலை எழுதி முடிப்பதோடு நின்றுவிடுவதில்லை. எழுதிய நிரல் சரியாக இயங்குகின்றதா என்று பார்ப்பதற்கென்றே அவர்கள் வேறொரு நிரலையும் எழுதி வைப்பர். அதனைச் சோதனை நிரல் என்பர். இன்ன உள்ளீட்டைத் தந்தால் இன்ன விடை வரவேண்டும் என்று அது முன்கூட்டியே குறித்து வைத்திருக்கும். வந்த விடை குறித்த விடையோடு பொருந்தினால் திரையில் பச்சை, பொருந்தாவிடில் சிவப்பு. முத்திரையிட்ட எடைக்கல்லை வைத்துக் கடைத் தராசைச் சரிபார்ப்பது போன்றது இது. ஒரு செயலியில் சிறு திருத்தம் செய்தாலும், அதற்குரிய சோதனைகள் அனைத்தும் ஓடி முடிந்த பின்னரே அத்திருத்தம் பயனாளரைச் சென்றடையும். பெரிய மென்பொருள்களில் இச்சோதனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்.

இம்முறை பெரும்பாலும் நம்பத்தக்கது. ஆயினும் சில நாள்களில் ஒரு விந்தை நிகழும். முந்தைய நாள் மாலை வரை பச்சையாக இருந்த சோதனை மறுநாள் காலையில் சிவப்பாகும். இடையில் நிரலில் ஓர் எழுத்தையும் எவரும் மாற்றியிருக்கமாட்டார், சோதனையிலும் கைவைத்திருக்கமாட்டார். தேடிப் பார்த்தால், ஏதோ ஒரு நாட்டின் கடிகாரம் மாறியிருக்கும். அல்லது அக்கடிகாரத்தைப் பற்றி உலகம் அறிந்திருந்த செய்தி மாறியிருக்கும்.

கடிகாரங்களின் பதிவேடு

இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம். அஃது உலகப் பொது நேரத்திற்கு ஐந்தரை மணி முன்னதாக உள்ளது. கோடையிலும் குளிர்காலத்திலும் மாறுவதில்லை. எனவே, நேரக் கணக்கு என்பது ஓர் எண்ணைக் கூட்டுவதும் கழிப்பதுமே என்று இங்குள்ள நிரலாளர் எண்ணுவது இயல்பு. பல நாடுகளில் நிலைமை வேறு. கோடை நெருங்கும்போது கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைப்பதும், குளிர்காலம் நெருங்கும்போது மீண்டும் பின்னே வைப்பதும் அங்கு வழக்கம். எந்த நாளில் தள்ளுவது, இவ்வாண்டு தள்ளுவதா வேண்டாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது கதிரவன் அன்று, அரசு. அரசுகள் தம் முடிவை மாற்றிக்கொள்ளும். சில வேளை மிகக் குறுகிய கால அறிவிப்பில் மாற்றிக்கொள்ளும்.

இம்முடிவுகளையெல்லாம் திரட்டி வைத்துள்ள பொதுப் பதிவேடுதான் நேர மண்டலத் தரவுத்தளம். 1980களில் அமெரிக்காவின் ஆர்தர் டேவிட் ஓல்சன் இதனைத் தொடங்கினார். அவருக்குப்பின் பால் எகர்ட் ஒருங்கிணைப்பாளராகப் பொறுப்பேற்றார். 2011 முதல் ஐயானா என்னும் இணைய அமைப்பின் வழியாக இது வெளிவருகின்றது. லினக்ஸ் கணினியும் ஆண்ட்ராய்டு கைப்பேசியும், ஜாவா, பைத்தான் போன்ற நிரல்மொழிகளும் ஊருக்குரிய நேரத்தைக் கணிப்பது இப்பதிவேட்டைக் கொண்டே. நாடு ஒன்று தன் நேரவிதியை மாற்றினால் புதிய பதிப்பு வெளியிடப்படும். ஆண்டோடு ஓர் எழுத்தைச் சேர்த்து 2023ஏ, 2023பி என்று பதிப்புகளுக்குப் பெயரிடுவர். புதிய பதிப்பு பெரும்பாலும் இயக்க அமைப்பின் வழக்கமான புதுப்பிப்புகளோடு ஓசையின்றி வந்து சேரும்.

இப்பதிவேட்டில் இந்தியாவிற்குரிய பெயர் 'ஏசியா/கொல்கத்தா' என்பதாகும். அதன் வரலாற்றுப் பகுதியைப் புரட்டும் தமிழ்நாட்டு மாணவருக்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. கொல்கத்தாவின் பெயருக்குக் கீழே, 1870 முதல் 1905ஆம் ஆண்டின் முடிவு வரை குறிக்கப்பட்டிருப்பது சென்னை நேரம். உலகப் பொது நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் 10 நொடி முன்னதாக அமைந்த அந்நேரம், சென்னை வானாய்வகத்தை அடிப்படையாகக் கொண்டது. இருப்புப்பாதைகள் அதனைப் பின்பற்றின. இன்றைய இந்தியத் திட்ட நேரம் நடைமுறைக்கு வந்தது 1906 சனவரி 1 அன்றுதான். ஆகவே, 1900 சனவரி 1ஆம் நாள் நண்பகலை உலகப் பொது நேரத்திற்கு மாற்றச் சொன்னால், நிரல் காலை 6.30 என்று விடை தராது. 6 மணி 38 நிமிடம் 50 நொடி என்றே தரும். 6.30 வரவேண்டும் என்று எழுதப்பட்ட சோதனை தோற்கும். அங்கே பிழை நிரலில் இல்லை. ஐந்தரை மணி என்பது என்றுமுள்ள உண்மை என்று கொண்டதில் உள்ளது.

ஒரு கிழமையில் மூன்று பதிப்புகள்

லெபனான் நாட்டில் கோடைக்கால நேரம் மார்ச்சு மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை தொடங்கும். 2023இல் அந்நாள் மார்ச்சு 26. அதற்கு மூன்று நாள்களே இருந்தபோது, நேர மாற்றத்தை ஏப்ரல் 20 வரை ஒத்திவைப்பதாக இடைக்காலப் பிரதமர் நஜீப் மிக்காத்தியின் அரசு அறிவித்தது. அப்போது இரமலான் நோன்புக் காலம். கடிகாரத்தை முன்னே தள்ளாவிடில், மாலையில் நோன்பு துறக்கும் வேளை மணிக்கணக்கில் ஒரு மணி முன்னதாகவே வரும். மாரோனைட்டுத் திருச்சபை இம்முடிவை ஏற்கவில்லை. சில தொலைக்காட்சி நிறுவனங்களும் பள்ளிகளும் வழக்கம்போல் கோடைக்கால நேரத்திற்கு மாறின. அரசு அலுவலகங்கள் பழைய நேரத்தில் நின்றன. பலருடைய கைப்பேசிகள், தம்மிடமிருந்த பழைய தரவின்படி, ஞாயிறு விடியுமுன் தாமாகவே ஒரு மணி முன்னே சென்றுவிட்டன. ஒரே நாட்டில், ஒரே நாளில் இரண்டு நேரங்கள் வழங்கின. மணி என்ன என்னும் கேள்விக்கு விடை சொல்பவர் யார் என்பதையும் பார்க்க வேண்டியதாயிற்று. எதிர்ப்பு வலுக்கவே, மார்ச்சு 27 அன்று அமைச்சரவை பின்வாங்கியது. 29ஆம் நாள் நள்ளிரவில் கடிகாரங்கள் முறைப்படி முன்னே தள்ளப்பட்டன.

இக்குழப்பம் பதிவேட்டில் எவ்வாறு எதிரொலித்தது என்று காண்போம். மார்ச்சு 22இல் 2023ஏ பதிப்பு வெளிவந்திருந்தது. லெபனான் அரசின் அறிவிப்பையொட்டி மறுநாளே 2023பி வந்தது. அரசு பின்வாங்கியதும் 28இல் 2023சி வந்தது. பெய்ரூட் நகரில் ஏப்ரல் 10 காலை 10 மணி என்பது உலகப் பொது நேரப்படி காலை 7 மணி என்று ஒரு சோதனை எழுதப்பட்டிருந்ததாகக் கொள்வோம். 2023ஏ பதிப்பில் அது வெல்லும். 2023பி வந்தவுடன் விடை 8 மணி ஆகும், சோதனை தோற்கும். 2023சி வந்தவுடன் மீண்டும் வெல்லும். நிரலாளர் ஒருவர் அக்கிழமை முழுதும் விடுப்பில் இருந்து திரும்பியிருந்தால், தம் சோதனை இடையில் சிவந்ததையே அறிந்திருக்கமாட்டார். இடையில் பணியிலிருந்தவரோ, இல்லாத பிழையைத் தேடித் தம் நிரலைக் கலைத்திருக்கக்கூடும்.

மற்றொன்றும் கருதத்தக்கது. 2023சி பதிப்பின் தரவு, 2023ஏ பதிப்பின் தரவேதான். லெபனானில் மார்ச்சு 26 அன்றே கோடைக்கால நேரம் தொடங்கிவிட்டதாகவே அது கூறும். நாட்டின் ஒரு பகுதியினர் பழைய நேரத்தில் வாழ்ந்த அந்நாள்கள் அதில் இல்லை. ஒரு நாட்டிற்கு ஒரு நேரம் என்று மட்டுமே எழுதத் தெரிந்த பதிவேடு வேறெதுவும் செய்திருக்க இயலாது.

திருத்தப்படும் பழங்காலம்

வருங்காலம் மாறும் என்பதை எவரும் ஏற்பர். கடந்த காலமும் மாறும் என்றால் நம்புவது கடினம். ஆனால் இப்பதிவேட்டில் அதுவும் நிகழ்கின்றது. பழைய ஆவணம் ஒன்று கண்டெடுக்கப்பட்டால் பழைய பதிவு திருத்தப்படும்.

சீனாவின் ஷாங்காய் நகரம் இதற்குப் புகழ்பெற்ற சான்று. அந்நகரம் தன் ஊர் நேரத்தைக் கைவிட்டுப் பொது நேரத்திற்கு மாறியபோது, 1927ஆம் ஆண்டு முடியும் நள்ளிரவில் கடிகாரங்கள் 5 நிமிடம் 52 நொடி பின்னே வைக்கப்பட்டன என்று பதிவேடு ஒரு காலத்தில் கூறியது. அதனால், அன்றிரவு 11 மணி 54 நிமிடம் 7 நொடிக்கும் 8 நொடிக்கும் இடையே எத்தனை நொடிகள் என்று ஜாவா நிரல் ஒன்றைக் கேட்டபோது, ஒன்று என்று சொல்லாமல் 353 என்று சொல்லி நிரலாளர்களைத் திகைக்க வைத்தது. நேரம் பின்னே சென்றதால் இடையில் 352 நொடிகள் கூடுதலாகக் கழிந்திருந்தன. நிரலின் விடை சரியே. பின்னர் 2013இல் அப்பின்னடைவு 5 நிமிடம் 57 நொடி எனத் திருத்தப்பட்டது. 2014இல் வந்த திருத்தமோ, மாற்றம் நிகழ்ந்த நாளையே 1900ஆம் ஆண்டின் முடிவிற்குக் கொண்டு சென்றது. அளவும் 343 நொடி ஆயிற்று. இன்று அதே இரு கணங்களுக்கிடையே உள்ள தொலைவைக் கேட்டால் விடை ஒரே நொடி. 353 என்னும் எண்ணைப் பெருமையோடு தம் சோதனையில் பொறித்து வைத்தவர் அதனை நீக்க வேண்டியதாயிற்று.

திருத்தம் எப்போதும் உண்மையை நோக்கியே செல்லும் என்றும் கொள்ளவியலாது. இப்பதிவேடு முதன்மையாக உறுதி தருவது 1970க்குப் பிற்பட்ட காலத்திற்கே. 1970 முதல் ஒரேவகை நேரம் கொண்ட இடங்களை ஒன்றாக இணைக்கும் பணியில், 2022இல் சுவீடனின் ஸ்டாக்ஹோம் நகரம் ஜெர்மனியின் பெர்லினோடு இணைக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போரில் நடுநிலை வகித்த சுவீடன், அப்போது கோடைக்கால நேரத்தைக் கடைப்பிடிக்கவில்லை, பெர்லின் கடைப்பிடித்தது. இணைப்பிற்குப்பின், முன்னிருப்புத் தரவைக் கொண்டு 1943ஆம் ஆண்டுக் கோடையின் ஸ்டாக்ஹோம் நேரத்தைக் கணித்தால், பெர்லினின் போர்க்கால நேரமே கிடைக்கும். பழைய தரவு தனிக்கோப்பில் பேணப்படுகின்றது என்றாலும், அதனைச் சேர்த்துக்கொள்ளாத கணினிகளில் வரலாறு பிழைபட்டே நிற்கும். இங்குச் சிவப்பு விளக்கு காட்டிய சோதனையே சரி, தரவுதான் விலகியது.

மணி மாறாமல் பொருள் மாறுதல்

அயர்லாந்தின் கதை இன்னும் நுட்பமானது. பிற ஐரோப்பிய நாடுகள் குளிர்கால நேரத்தை இயல்பு நேரமாகவும், கோடையில் ஒரு மணி கூட்டுவதைச் சிறப்பாகவும் கருதுகின்றன. அயர்லாந்தின் சட்டம் தலைகீழானது. 1968ஆம் ஆண்டுச் சட்டமும் 1971ஆம் ஆண்டுத் திருத்தமும் கோடைக்கால நேரத்தையே அந்நாட்டின் இயல்பு நேரமாக வைத்து, குளிர்காலத்தில் ஒரு மணியைக் கழிக்கின்றன. டப்ளின் நகர மக்களின் கைக்கடிகாரத்தில் இதனால் எவ்வேறுபாடும் இல்லை. 2018ஏ பதிப்பு, சட்டம் சொன்னபடியே இதனைப் பதிந்தது. நேரச் சிறப்பு என்பது எப்போதும் கூட்டலாகவே இருக்கும், கழித்தலாக இராது என்று கருதி எழுதப்பட்ட மென்பொருள்கள் இடறின. ஜாவாவின் திறந்தமூல வடிவமும் அவற்றுள் ஒன்று. சில நாள்களிலேயே அம்மாற்றம் திரும்பப் பெறப்பட்டது. பின்னர், பழைய மென்பொருள்களுக்கென்று தனி வடிவம் ஒன்றை ஏற்படுத்திக்கொண்டு அது மீண்டும் சேர்க்கப்பட்டது.

சிவப்பைப் படிக்கும் முறை

இத்தகைய சோதனை தோற்கும்போது எளிதாகத் தோன்றும் வழி, எதிர்பார்த்த எண்ணை அழித்துவிட்டு வந்த எண்ணை எழுதுவது. சிவப்பு மறையும், ஏன் வந்தது என்பதும் மறையும். உண்மையான பிழையால் நாளை அதே சிவப்பு வந்தாலும் அதனையும் அவ்வாறே அழிக்கும் பழக்கம் ஏற்பட்டுவிடும். தரவைப் புதுப்பிக்காமல் நிறுத்தி வைப்பது இன்னொரு தவறான வழி. அங்குச் சோதனைகள் பச்சையாகவே இருக்கும். பயனாளர்தாம் வானூர்தியைத் தவறவிடுவார்.

தேர்ந்த நிரலாளர் இரண்டு கேள்விகளைப் பிரித்து வைப்பார். தம் கணக்கீட்டு முறை சரியா என்பது ஒன்று. இதற்கான சோதனையில் குறிப்பிட்ட ஒரு பதிப்பின் தரவையோ, தாமே அமைத்த கற்பனை ஊரின் நேரவிதியையோ நிலையாக வைத்துவிடலாம். உலகில் எது மாறினும் அச்சோதனை அசையாது. நடப்பு உலகின் விதிகள் கணினியில் உள்ளனவா என்பது மற்றொன்று. இதற்கான சோதனை புதிய தரவோடு ஓடவேண்டும். அது தோற்பதுதான் அதன் பணி. எந்தப் பதிப்பின் தரவோடு ஓடியது என்பதைச் சோதனையின் முடிவிலேயே அச்சிட்டு வைத்தால், மணிக்கணக்கான தேடல் சில நிமிடங்களில் முடியும். இச்சிறு செயலைப் பலர் செய்வதில்லை.

நிரலையே திருத்த வேண்டிய இடமும் உண்டு. ஏப்ரல் 10 காலை 10 மணிக்குப் பெய்ரூட்டில் மருத்துவரைக் காண ஒருவர் முன்பதிவு செய்கிறார். அதனை உடனே உலகப் பொது நேரத்திற்கு மாற்றி, 7 மணி என்று சேமிக்கும் மென்பொருள், அரசு தன் விதியை மாற்றியவுடன் நோயாளியை 9 மணிக்கு வரச்சொல்லும். நிகழ்ந்து முடிந்தவற்றிற்கு உலகப் பொது நேரம் ஏற்றது. நிகழவிருப்பவற்றிற்கு, 'பெய்ரூட், காலை 10 மணி' என்று ஊரும் ஊர் நேரமுமாகவே சேமித்து, தேவைப்படும் கணத்தில் அன்றைய பதிவேட்டைக் கொண்டு கணிக்க வேண்டும். அவ்வாறு அமைந்த நிரலில், ஏஏ, பீ, சி என எப்பதிப்பு வந்தாலும், மருத்துவரும் நோயாளியும் பெய்ரூட்டுக் கடிகாரம் பத்து காட்டும்போதே சந்திப்பர்.