எலும்புக்கு என்ன அவசரம்?

நாலுகால் வீட்டார் – 6

பெரிய இன நாய்க்குட்டி வீட்டுக்கு வந்த முதல் வாரமே கால்சியம் சிரப்பும் வந்துவிடுகிறது. குட்டியை விற்றவர் சொல்லியிருப்பார், மருந்துக் கடைக்காரர் ஆமோதித்திருப்பார், அடுத்த தெருவில் ஜெர்மன் ஷெப்பர்ட் வளர்ப்பவர் அடித்தே சொல்லியிருப்பார்: "பெரிய ஜாதி சார், எலும்பு உரமா வர வேண்டாமா?" கேட்க நியாயமாகத்தான் இருக்கும். பிறக்கும்போது அரைக் கிலோ சொச்சம் இருக்கும் கிரேட் டேன் குட்டி, ஒன்றரை வயதில் 50 கிலோவுக்கு வந்து நிற்கிறதே!

சிக்கல் குடலில் இருக்கிறது. வளர்ந்த நாயின் குடல் வேண்டிய அளவு கால்சியத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தை வெளியே தள்ளிவிடும். ஏறக்குறைய ஆறு மாதம் வரை குட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு சரியாக அமைவதில்லை. ஊற்றுவதில் பெரும்பங்கு உடம்பில் ஏறிவிடும். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஹாசவிங்கல் குழுவினர் 1980களில் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே இதைக் காட்டினார்கள். கால்சியம் மிகுந்த தீனி தின்ற குட்டிகளுக்குக் குருத்தெலும்பு ஒழுங்காக எலும்பாக மாறவில்லை.

அதற்காக வெறும் சோறும் எலும்பில்லாத கோழிக்கறியும் போதும் என்றும் இருந்துவிட முடியாது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் சொற்பம். பற்றாக்குறையை ஈடுகட்ட உடம்பு தன் எலும்பையே கரைக்கும். கால் வளையும், சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். ஆகவே வீட்டுச் சாப்பாடு என்றால் எவ்வளவு கால்சியம் என்பதை மருத்துவர் கணக்கிட்டுச் சொல்லட்டும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே வரும் பாக்கெட் தீனி என்றால் அதில் அளவாகச் சேர்த்தே இருக்கிறது, சிரப்பைத் தொடாதீர்கள்.

அடுத்தது எடை. "என்ன, நோஞ்சானா இருக்கு?" என்று கேட்காத விருந்தாளி இல்லை. கேட்டுவிட்டுப் போகட்டும். அமெரிக்காவில் 48 லேப்ரடார்களை ஒரே ஈற்று ஜோடிகளாகப் பிரித்து, ஜோடியில் ஒன்றுக்கு 25 சதவீதம் குறைவாகத் தீனி போட்டு, ஆயுள் முழுக்கக் கவனித்தார்கள். 2002இல் முடிவு வெளியானது: குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டு கூடுதலாக வாழ்ந்தன, இடுப்பு மூட்டுக் கோளாறும் குறைவு. குட்டியின் விலாவை இலேசாகத் தடவினால் எலும்பு ஒவ்வொன்றும் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடுப்பு உள்வாங்கித் தெரிய வேண்டும்.

தரையையும் பாருங்கள். தட்டுச் சத்தம் கேட்டதும் குட்டி பாய்ந்து வரும். வழவழப்பான டைல்ஸில் பின்னங்கால்கள் ஆளுக்கொரு பக்கம் விரிய, மோவாய் தரையில் மோதும். வீடே சிரித்து வீடியோ எடுக்கும். மூட்டுக்கு நல்லதல்ல. ஓடும் வழியில் சாக்கையோ தென்னைநார் மிதியடியையோ போடுங்கள். நார்வேயில் நடந்த ஓர் ஆய்வில், மூன்று மாத வயதுக்கு முன்பே படியேறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம் வந்தது. வெளியே மெத்தென்ற மண்ணில் விளையாடியவற்றுக்குக் குறைவு. மூன்று மாதம் ஆகும்வரை மாடிக்குத் தூக்கிக்கொண்டே போங்கள். அதற்குப் பிறகு தூக்குவதற்கு உங்களாலும் முடியாது! ஸ்கூட்டரில் போய்க்கொண்டே சங்கிலியைப் பிடித்துக் குட்டியை ஓடவிடும் வீரர்களுக்கு ஒரு வார்த்தை: மிகப்பெரிய இனங்களுக்கு எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சிப் பகுதி மூடவே ஒன்றரை வயதாகும்.

நொண்டல் ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காராமல் எக்ஸ்ரேவுக்குக் கொண்டுபோங்கள். வீட்டு மருந்து டப்பாவில் கிடக்கும் இபுப்ரோஃபென் வேண்டவே வேண்டாம். நாய்க்கு அது வயிற்றுப்புண்ணும் சிறுநீரகச் சேதமும் உண்டாக்கும்.

(அடுத்த வாரம்: பல் முளைக்கும் பருவமும் செருப்புகளின் கதியும்)