குருவிக் குஞ்சு சைவமல்ல

கோடை வந்துவிட்டால் மொட்டைமாடியில் ஒரு தட்டில் கம்பும் நொய்யரிசியும், பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீரும் வைப்பவர்கள் இப்போது நகரங்களில் நிறைய. சிட்டுக்குருவிக்கு நல்ல உபசாரம்தான். ஆனால் பொரித்து வந்த குஞ்சுக்கு முதல் சில நாட்கள் அந்தத் தானியத்தால் பயனில்லை.

கூட்டுக்குத் திரும்பும் குருவியின் அலகைக் கவனியுங்கள். பச்சைப் புழு ஒன்று நெளியும். சில சமயம் அசுவினிகள் பசைபோல அப்பியிருக்கும். தானியம் கொத்தியே காலம் தள்ளும் பறவை, பிள்ளைக்கு மட்டும் பூச்சி தேடி அலைகிறது. காரணம் புரதம். பிறக்கும்போது குஞ்சு கண் திறக்காத, இறகில்லாத, இரண்டு மூன்று கிராம் சதைத் துணுக்கு. சுமார் 15 நாளில் அது பறந்தாக வேண்டும். வெறும் மாவுச்சத்தை வைத்து அந்த வேகத்தில் தசையும் இறகும் வளராது. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் கூடுகளை ஆராய்ந்தபோது, பூச்சி போதாத இடங்களில் குஞ்சுகள் கூட்டிலேயே பட்டினியால் செத்தது தெரியவந்தது.

நாமோ செம்பருத்தியில் அசுவினியைக் கண்டதும் மருந்தடித்துவிட்டு, மாடியேறிப் போய்க் கம்பு வைக்கிறோம்!

செல்போன் கோபுரம்தான் குருவியை விரட்டியது என்ற பேச்சு ஓயவில்லை. அதற்கு உறுதியான சான்று இல்லை. 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையோ, நாடு முழுக்கப் பார்த்தால் குருவியின் எண்ணிக்கை ஏறக்குறைய நிலையாக இருப்பதாகவும், பெருநகரங்களில்தான் குறைந்திருப்பதாகவும் சொன்னது. அப்படியானால் கோளாறு நம் தெருவில் இருக்கிறது. ஓட்டு வீட்டு இடுக்கு, மீட்டர் பெட்டி, கடைப் பலகையின் பின்புறம் என்று பொந்து தேடும் பறவைக்குக் கண்ணாடி முகப்பில் இடமேது? பிறந்த இடத்தைவிட்டு அதிக தூரம் போகாத பறவை வேறு. கூடு, பூச்சி, பதுங்கப் புதர் எல்லாம் அதற்கு அக்கம்பக்கத்திலேயே வேண்டும்.

மரப்பெட்டி மாட்டுவதானால் துளை 32 மில்லிமீட்டர் இருக்கட்டும், மைனா நுழையாது. வெயில் படாத, பூனைக்கு எட்டாத சுவராகப் பாருங்கள். பக்கத்தில் ஒரு மருதாணி வேலியோ செம்பருத்தியோ இருந்தால் இன்னும் நல்லது. அதில் அசுவினி வந்தால், தயவுசெய்து மருந்தை மட்டும் எடுக்காதீர்கள்.