அணை நீருக்கு அடிக்கணக்கு; ஊர் உழைப்புக்கு?

வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது. முழு உயரம் 71 அடி. 1959-இல் திறக்கப்பட்ட அணையின் தண்ணீரை அரை அடி பிசகாமல் அளக்கிறோம். அந்தத் தண்ணீர் வயலுக்குப் போகும் வாய்க்காலில் ஊர்க்காரர்கள் சம்பளம் வாங்காமல் தூர் அள்ளினால், அதை எந்தக் கோலால் அளப்பது?

கணக்கு எப்படி?

சம்பளமில்லாத தன்னார்வப் பணியை அளக்கவென்றே சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2011-இல் ஒரு கையேடு வெளியிட்டது. முதலில் உழைத்த மணிகளைக் கூட்ட வேண்டும். பிறகு, அதே வேலைக்குக் கூலி ஆள் வைத்திருந்தால் என்ன செலவாகியிருக்கும் என்று பார்க்க வேண்டும்.

ஒரு காலைப்பொழுதில் 40 பேர் 4 மணி நேரம் வாய்க்கால் வெட்டுவதாக வைத்துக்கொள்வோம்: 160 மணி. நூறு நாள் வேலைக்குத் தமிழகத்தில் 2025-26-இல் அறிவித்த நாள் கூலி ரூ.336. எட்டு மணிக்குப் பிரித்தால் மணிக்கு ரூ.42. ஆக, அந்தக் காலையின் மதிப்பு ரூ.6,720.

இத்தகைய உழைப்பு நாட்டில் எவ்வளவு என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. நாடு முழுக்க 2019-இல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், ஊதியமில்லாத் தன்னார்வப் பணி, பயிற்சிப் பணி போன்றவற்றில் ஈடுபட்டோர் 2.4 சதவீதம், அவர்கள் செலவிட்டது நாளுக்குச் சராசரி 101 நிமிடம்.

குடிமராமத்து சொல்வது

கண்மாய்க்கும் வாய்க்காலுக்கும் ஊரே ஆள் கொடுக்கும் குடிமராமத்து இங்கே பழைய வழக்கம். சென்னை மாகாணத்தின் 1858-ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு ஒரு விலையும் வைத்தது: வழக்கப்படி வர வேண்டியவர் வராவிட்டால், அந்த உழைப்பின் மதிப்பைப் போல இரு மடங்கு கட்ட வேண்டும். வந்து உழைத்தவரின் வேலை கணக்கில் ஏறவில்லை. வராதவரின் வேலைக்கே விலை இருந்தது.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்தைப் புதுப்பித்தபோது, பணிச் செலவில் பாசனதாரர்களின் பங்கு 10 சதவீதம் என்றது. அதைப் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். மண்வெட்டி பிடித்த கைக்கும் வரவுப் பக்கத்தில் இடம் கிடைத்தது.

ரூபாயில் அடங்காதவை

மனமுவந்து வந்தாரா, ஊர்க்கட்டுப்பாட்டுக்கு அஞ்சி வந்தாரா என்பதை மணிக்கணக்கு காட்டாது. கட்டாயத்தில் செய்தது தன்னார்வப் பணியே அல்ல என்கிறது சர்வதேச வரையறை. எந்த மடை அடைக்கும், கரை எங்கே கசியும் என்று தெரிந்தவர் சொல்லும் ஒரு வார்த்தைக்கும் மணிக்கு ரூ.42 தானா?

அதனால் பதிவேட்டில் ஆள், மணி, கூலி மதிப்பு என்ற மூன்றோடு இன்னொரு கட்டமும் வேண்டும்: அந்த ஆண்டு கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா?