பீட்டிலுக்குள் வேறு ஆண்டின் பாகம்

ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 2003 வரை ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வந்த கார். ஆனால் ஓர் ஆண்டு மாடலின் உட்புறப் பாகங்கள் எல்லாம் இன்னொன்றில் பொருந்துவதில்லை. அமெரிக்காவில் விற்ற வண்டிகள் 1967 மாடலில் 6 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாறின. பழைய வண்டியின் மீட்டர் பல்பைப் புதியதில் மாட்டினால் எரிந்துபோகும், பழைய ரேடியோவை மாட்டினால் அதுவும் பழுதாகும். 1973 சூப்பர் பீட்டிலில் முன்கண்ணாடி வளைவானதாக மாறியதால் டேஷ்போர்டின் வடிவமும் மாறியது. தட்டைக் கண்ணாடி வண்டியில் அது உட்காராது. இருக்கையை மாற்றுவதானால் தரையிலுள்ள தண்டவாளத்தோடு அது பொருந்த வேண்டும். ஸ்பீடோமீட்டரை மாற்றினால் வண்டி ஓடிய தூரக் கணக்கும் மாறும். பழைய கணக்கைக் குறித்துவைத்து, விற்கும்போது வாங்குபவரிடம் சொல்லிவிடுவதே நேர்மை. பாகம் வாங்குமுன் மாடல் ஆண்டு, பாக எண், திருகுத் துளைகள் மூன்றையும் ஒப்பிட்டுக்கொண்டால் காசு வீணாகாது.