ஆய்வு வாயிலில் நிற்போர்க்கு

கலாநிதி என்பது வடசொல். கலைகளுக்கு இருப்பிடம் என்பது அதன் பொருள். திங்களுக்கும் அதுவே பெயர். நாடோறும் ஒவ்வொரு கலையாக வளர்ந்து நிறைவெய்துதலின் அப்பெயர் பெற்றது. நம்மவரோ அச்சொல்லைப் பெயருக்கு முன்னே பூட்டும் அணியாகவே பெரிதுங் கருதுகின்றனர். பிள்ளைக்குக் கலாநிதிப் படிப்புக்கு அனுமதி கிடைத்தது என்று கேட்டமாத்திரத்தே வீடு மகிழ்கின்றது. அவன் எதனை ஆராயப் புகுகின்றான் என்று வினவுவார் மிகச் சிலரே.

புள்ளிவிபரவியலைப் பற்றிப் பேசுதற்குத் தமிழாசிரியனாகிய எனக்கு என்ன உரிமை என்று அன்பர்கள் கேட்கலாம். கணிதம் பயிலச் சென்ற வல்வை இளைஞர் சிலர், பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கும்போது தம் ஆய்வு நோக்கத்தை எவ்வாறு எழுதுவதென்று என்னிடம் வந்து கேட்பதுண்டு. தாய்மொழியில் தெளிவாகச் சொல்ல இயலாத நோக்கத்தைப் பிறமொழியிலே சொல்லவியலாது என்பதே யான் அவர்களுக்குக் கூறும் விடை. அவர்கள்பொருட்டு யான் கற்றறிந்த வரலாறுகள் இரண்டினை ஈண்டுக் கூறுகின்றேன்.

சென்னையிலே 1940ஆம் ஆண்டு பிறந்தவர் சீனிவாச வரதன். பள்ளி ஆசிரியர் ஒருவரின் மைந்தர். மாநிலக் கல்லூரியிற் புள்ளிவிபரவியல் கற்று, 1959இல் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அடைந்தார். பட்டம் வழங்கும் உரிமையை அந்நிறுவனம் பாராளுமன்றச் சட்டத்தாற் பெற்றதும் அவ்வாண்டிலேயே. தொழிற்சாலைப் பொருள்களின் தரத்தை எண்களால் ஆளும் முறையைக் கற்பதே அவர் கொண்டுசென்ற எண்ணம். அங்கே பார்த்தசாரதி, ரங்கராவ் முதலிய இளம் ஆய்வாளரோடு கூடினார். அக்கூட்டுறவு அவரை நிகழ்தகவுக் கொள்கையின்பால் ஈர்த்தது. சி. ஆர். ராவ் வழிகாட்ட 1963இற் கலாநிதியானார். உருசியப் பேரறிஞர் கொல்மொகொரோவ் அவரது ஆய்வேட்டை மதிப்பிட்டோருள் ஒருவர். அரிதினும் அரிதாய் நிகழ்வனவற்றின் நிகழ்தகவை அளக்கும் கொள்கையை வளர்த்தமைக்காக 2007இல் வரதனுக்கு ஏபெல் பரிசு கிடைத்தது. கொண்டுசென்ற எண்ணம் வேறு. கண்டடைந்த வினா வேறு. எனினும் வினாவின்றி அவர் ஒருநாளும் இருந்திலர்.

அவருக்கு வழிகாட்டிய ராவின் வரலாறும் அறியத்தக்கது. 1946இல் அவர் கேம்பிரிட்சுக்குச் சென்றது பட்டம் கருதியன்று. சூடான் நாட்டிலே தோண்டியெடுத்த தொன்மக்களின் எலும்புகளை அளந்து ஆராயும் பணிக்காகவே அந்நகர்ப் பொருட்காட்சிச்சாலை அவரை அழைத்தது. அப்பணியில் இருந்துகொண்டே பிஷர் என்னும் பேராசிரியரின்கீழ் ஆய்ந்து 1948இற் கலாநிதிப் பட்டம் பெற்றார். எலும்புகள் வினாவை எழுப்பின. வினா பட்டத்தை ஈட்டிக்கொடுத்தது.

இக்காலத்து அனுமதி முறையும் இவ்வுண்மையையே வற்புறுத்துகின்றது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் முதற்பட்டத்தோடே நேரே புகலாம். முதலாண்டுகளிற் பாடங்கேட்டுத் தகுதித் தேர்வில் தேறியபின்னரே ஆய்வு தொடங்கும். கற்பித்தலில் உதவி உதவிப்பணம் பெறுவோர் பலர். பிரித்தானியாவிலோ மேற்பார்வையாளரையும் பொருளையும் முன்னரே தேர்ந்து செல்வது பெருவழக்கு. இரண்டிடத்தும் நிகழ்தகவு, தாயக் கணிதம், பகுப்பாய்வு ஆகியவற்றில் உறுதியான பயிற்சி வேண்டும். அதற்குமேல் வேண்டப்படுவன இரண்டு: மாணவன் எழுதும் நோக்கவுரை, ஆசிரியர் எழுதும் சான்றுரை. ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு சொல். நன்மாணாக்கன், ஒழுக்கமுடையான் என்று எல்லார்க்கும் ஒன்றுபோல எழுதும் சான்றுரை எவர்க்கும் பயன்படாது. அவன் வகுப்பிலே கேட்ட நல்ல வினா ஒன்றை எழுதுங்கள். அதுவே அவனைக் காட்டும்.

வல்வையிற் கட்டப்பெற்ற அன்னபூரணி அம்மாள் என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர்த் துறைமுகத்தைச் சேர்ந்தது. அதே மாநிலத்து ஹாவாட் பல்கலைக்கழகத்தில் 1957இற் புள்ளிவிபரவியலுக்குத் தனித்துறை தோன்றிற்று. கடல் கடத்தல் நமக்குப் புதிதன்று. இன்று கலமேறும் இளைஞன் கொண்டுசெல்லும் சரக்கு யாது என்பதே கேள்வி.

சரக்கு நம் முற்றத்திலேயே கிடக்கின்றது. 1981இன் பின்னர் 2012 வரை, முப்பத்தோராண்டுகள், யாழ்ப்பாண மாவட்டத்திலே முழுமையான குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பும் போர் காரணமாக இங்கு நிகழவில்லை. அம்முப்பதாண்டுகளிற் பிறந்தோர் எத்துணையர், இடம்பெயர்ந்தோர் எத்துணையர், மாண்டோர் எத்துணையர்? எண்ணப்படாத காலத்தை எண்ணப்பட்ட இரு கரைகளிலிருந்து எத்துணை அளவுக்கு உய்த்துணரலாம்? அவ்வுணர்வில் ஐயத்தின் அளவு யாது? விடுபட்ட தரவுகளிலிருந்து உண்மையைத் துணியும் முறைகள் புள்ளிவிபரவியலின் பெரும்பகுதிகளுள் ஒன்று. ஒருவர் மிகுத்துச் சொல்ல, மற்றொருவர் குறைத்துச் சொல்ல, இடையிலே உண்மை ஊமையாய் நிற்கும் இடத்தில், ஐயத்தையும் அளந்து கூறும் இக்கல்வியைப்போல நடுநிலையான சான்று வேறில்லை.

இவ்வினாவை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக் கணித புள்ளிவிபரவியற்றுறையில் இருந்தும் ஆராயலாம், பொஸ்ரனிலிருந்தும் ஆராயலாம். ஆகவே, மாணவ மணிகளே, எங்கே இடம் கிடைக்கும் என்று தேடுமுன், எவ்வினாவுக்கு விடை காணாமல் உங்களுக்கு உறக்கம் வாராது என்று தேடுங்கள். பெற்றோரே, பட்டம் எப்போது வரும் என்று கேளாமல், இன்று என்ன கண்டாய் என்று பிள்ளையைக் கேளுங்கள். எண்ணப்படாமற் போனவர்கள் நம்மவர். அவர்களை எண்ணும் கடனும் நம்மதே.