பாக்கெட்டுக்குள் போகும் துப்பாக்கி: வாங்கியவர்களும் வாங்க நினைப்பவர்களும் அறிய வேண்டியவை

அமெரிக்காவில் 2008-இல் ரூகர் நிறுவனம் எல்சிபி என்ற கைத்துப்பாக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தோட்டா போடாமல் அதன் எடை 270 கிராமுக்குள். கால்சட்டைப் பையில் பர்ஸ் போல அடங்கிவிடும். மறைத்து எடுத்துச் செல்ல ஏற்ற ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவர்கள் ஆர்வமாக வாங்கினார்கள். அதே ஆண்டு அக்டோபரில் நிறுவனமே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. வரிசை எண் 370 என்று தொடங்கும் துப்பாக்கிகள், குழலின் பின்முனையில் உள்ள தோட்டா அறையில் தோட்டா இருக்கும் நிலையில் கடினமான தரையில் விழுந்தால் வெடிக்கக்கூடும். திருப்பி அனுப்பினால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்றது.

நிறுவனம் தானாக முன்வந்தது, நல்லது. முன்வராமல் இருந்திருந்தால் அதைக் கட்டாயப்படுத்த அமெரிக்க அரசில் எந்த அமைப்புக்கும் அதிகாரம் இல்லை. 1972-இல் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய சட்டமே துப்பாக்கியை அதன் எல்லைக்கு வெளியே நிறுத்திவிட்டது. தொட்டில், பொம்மை, ஹேர் டிரையர் எதில் குறை இருந்தாலும் அந்த ஆணையம் தலையிடும். துப்பாக்கியை வைத்துப் பூட்டும் பெட்டியில் குறை இருந்தாலும் தலையிடும். 2023 அக்டோபரில் ஃபோர்ட்ரஸ் நிறுவனத்தின் கைரேகைப் பெட்டிகள் ஏறத்தாழ 61,000 திரும்பப் பெறப்பட்டன. உரிமையாளரின் கைரேகையைப் பதிவு செய்யும்வரை யார் விரல் வைத்தாலும் திறந்துகொள்ளும் நிலையில் அவை இருந்தன. அப்படித் திறந்த பெட்டியிலிருந்து கிடைத்த துப்பாக்கியால் 12 வயதுச் சிறுவன் இறந்ததாக வழக்கும் தொடரப்பட்டிருந்தது. பெட்டிக்குக் காவல் உண்டு, உள்ளே இருக்கும் துப்பாக்கிக்கு இல்லை. இந்த வெற்றிடத்தில்தான் உரிமையாளர் நிற்கிறார். தன் துப்பாக்கியைப் பரிசோதிக்கும் அதிகாரி அவரேதான்.

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. ஆனால் சட்டம் எங்கே காக்கும், எங்கே கைவிடும் என்று தெரியாமல் அந்த முடிவை எடுக்கக் கூடாது.

முதலில் விசா

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற குடியேற்றமற்ற விசாவில் நாட்டுக்குள் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் வைத்திருப்பவர்கள் போன்ற சில விலக்குகள் உண்டு. “வைத்திருப்பது” என்றால் விலைக்கு வாங்குவது மட்டும் அல்ல. வார இறுதியில் நண்பர்களோடு துப்பாக்கி சுடும் மையத்துக்குப் போய், வாடகைக்கு எடுத்து நான்கு முறை சுடுவதும் அதில் அடங்கும். 2022-க்குப் பிறகு இதற்கான அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டுச் சிறை.

இது ஏட்டளவில் இருக்கும் சட்டம் அல்ல. மாணவர் விசாவில் வந்து, பல்கலைக்கழகம் நீக்கியபின் தங்கியிருந்த ரெஹைஃப் என்பவர் ஃப்ளோரிடாவில் ஒரு சுடும் மையத்துக்குப் போனார். அதற்காக 18 மாதச் சிறைத்தண்டனை பெற்றார். தன் தங்கும் உரிமை முடிந்துவிட்டது அவருக்குத் தெரியும் என்பதை அரசு நிரூபித்திருக்க வேண்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அவர் இழந்த காலம் திரும்பி வராது.

கிரீன் கார்டு உள்ளவர்கள் சட்டப்படி வாங்கலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் நாடு கடத்தப்படும் ஆபத்து அவர்களுக்கும் உண்டு. குடியுரிமை பெற்றவருக்கு அபராதத்தோடு முடியும் தவறு, கிரீன் கார்டுக்காரரின் வீட்டையும் வேலையையும் சேர்த்துப் பறித்துவிடக்கூடும். இன்னொன்றையும் கவனியுங்கள். கணவர் குடியுரிமை பெற்றவர், மனைவி விசாவில் இருப்பவர் என்றால், துப்பாக்கிப் பெட்டியின் சாவியும் எண்ணும் கணவரிடம் மட்டுமே இருக்க வேண்டும். எட்டக்கூடிய இடத்தில் இருந்தாலே மனைவியும் வைத்திருந்ததாகக் கருத வழி உண்டு.

சிறியது எளியது அல்ல

கடைகளில் “பெண்களுக்கு ஏற்றது, கைக்கு அடக்கமானது” என்று சொல்லி நீட்டப்படுவது பெரும்பாலும் மிகச் சிறிய துப்பாக்கிதான். வாங்கியவர்கள் பின்னால் சொல்வது வேறு. எடை குறையக் குறையப் பின்னுதைப்பு கையில் அதிகமாக உறைக்கும். கைப்பிடியில் இரண்டு விரல்களே நிற்கும். சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது. துப்பாக்கியின் மேல்பகுதியான ஸ்லைடை இயக்கும் ஸ்பிரிங் இறுக்கமானது என்பதால் மூட்டுவலி உள்ளவர்களால் அதைப் பின்னுக்கு இழுப்பதே சிரமம். குறிபார்க்கும் மேடுகள் இருக்கின்றனவா இல்லையா என்ற அளவில் இருக்கும். மணிக்கட்டைத் தளர்வாகப் பிடித்துச் சுட்டால் ஸ்லைடு முழுதாகப் பின்வாங்காமல் அடுத்த தோட்டா சிக்கிக்கொள்ளும். குழல் குட்டையானது என்பதால், பெரிய துப்பாக்கிகளைப் பிடிக்கும் பழக்கத்தில் இடக்கையை முன்னே கொண்டுபோனால் விரல் குழலின் வாய்க்கு வந்துவிடும்.

இதன் விளைவு, நான் மிகவும் கவலைப்படும் ஒன்று. சுடும்போது கை வலிப்பதால் பலர் பயிற்சியையே விட்டுவிடுகிறார்கள். அன்றாடம் உடலோடு இருக்கும் கருவிதான் கைக்கு மிகக் குறைவாகப் பழகிய கருவியாகவும் ஆகிறது. வாங்குமுன் அதே மாடலை வாடகைக்கு எடுத்து ஒரு பெட்டித் தோட்டாவையாவது சுட்டுப் பாருங்கள். கை ஏற்கவில்லை என்றால் சற்றுப் பெரியதை எடுங்கள், அல்லது வாங்காமல் திரும்புங்கள். இரண்டிலும் வெட்கம் ஏதும் இல்லை. வாங்கிவிட்டால், அன்றாடம் வைத்திருக்கப்போகும் அதே வகைத் தோட்டாவைப் போட்டுச் சோதியுங்கள். ஒரு வகையைச் சிக்கலில்லாமல் ஏற்கும் சிறிய துப்பாக்கி இன்னொரு வகையில் தடுமாறுவது வழக்கம்.

பையில் வைப்பதற்கு ஒரு விதி உண்டு. அந்தப் பையில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி, சில்லறை, லிப் பாம் எதுவாக இருந்தாலும் விசைக்குள் நுழைந்து அழுத்தக்கூடும். விசையை முழுதாக மூடும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கி உறை) கட்டாயம். பையின் பஞ்சும் தூசியும் வியர்வையும் உள்ளே சேரும் என்பதால் சுடாவிட்டாலும் அடிக்கடி துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். ஹோல்ஸ்டர் இல்லாமல் இடுப்பில் செருகியதன் விலையை 2008 நவம்பரில் நாடே பார்த்தது. அமெரிக்கக் கால்பந்து வீரர் பிளாக்ஸிகோ பர்ரஸ் நியூயார்க் இரவு விடுதி ஒன்றில் தன் தொடையைத் தானே சுட்டுக்கொண்டார். அவரிடம் இருந்தது ஃப்ளோரிடா உரிமம், அதுவும் காலாவதியானது. காயம் ஆறியது, வழக்கு விடவில்லை. இரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை.

கைப்பை இதைவிட ஆபத்தானது. 2014 டிசம்பர் இறுதியில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரின் வால்மார்ட் கடையில், தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பையிலிருந்த துப்பாக்கியை எடுத்தது. அது வெடித்ததில் தாய் அங்கேயே இறந்தார். அவர் துப்பாக்கியில் பழக்கம் உள்ளவர், உரிமம் பெற்றவர். துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த பை அது. குழந்தை இருக்கும் வீட்டில் துப்பாக்கி உடலில் இருக்க வேண்டும், அல்லது பூட்டுக்குள் இருக்க வேண்டும். தோள்பை, கார் டேஷ்போர்டு, தலையணை அடி எதுவும் மூன்றாவது இடம் ஆகாது.

தோட்டாக்களை அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலி என்ற நம்பிக்கை எத்தனையோ உயிர்களைக் குடித்திருக்கிறது. தோட்டா அறையில் ஒன்று நின்றிருக்கும். இல்லினாய்ஸில் 13 வயதுப் பையன் தந்தையின் துப்பாக்கியிலிருந்து மேகசினை எடுத்துவிட்டு, விளையாட்டாக நண்பனை நோக்கி விசையை அழுத்தினான். நண்பன் இறந்தான்.

மாநில எல்லை

2022-இல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம், வீட்டுக்கு வெளியே தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பதும் அரசியலமைப்பு தரும் உரிமையே என்று தீர்ப்பளித்தது. 2024-க்குள் 29 மாநிலங்களில் உரிமம் இல்லாமலே மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற நிலை வந்துவிட்டது. இதைக் கேட்டுவிட்டு, நாடு முழுக்கச் செல்லும் என்று நினைப்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். ஓட்டுநர் உரிமம் போல ஒரு மாநிலத்தின் துப்பாக்கி உரிமத்தை இன்னொரு மாநிலம் ஏற்றே ஆக வேண்டும் என்ற கூட்டாட்சிச் சட்டம் பொதுமக்களுக்கு இல்லை. 2013-இல் பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த ஒரு தாயை, அவர் நியூஜெர்சிக்குள் போனபோது போலீஸார் நிறுத்தினார்கள். துப்பாக்கி இருப்பதைத் தானே முன்வந்து சொன்னார். அதன் பிறகு மூன்றாண்டுச் சிறை அவர் தலைமேல் தொங்கியது. கடைசியில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி 2015-இல் மன்னிப்பு வழங்கினார். எல்லோருக்கும் ஆளுநரின் மன்னிப்பு வாய்க்காது.

பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியோடு இருப்பது கூட்டாட்சிக் குற்றம். அந்த மாநிலத்தின் உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. ஆகவே உரிமம் தேவையில்லாத மாநிலத்தில் இருந்தாலும் விண்ணப்பித்து வாங்கி வைத்துக்கொள்வதே அறிவு. நகருக்குள் எந்தத் தெருவும் ஏதாவது ஒரு பள்ளிக்குப் பக்கம்தானே.

போலீஸ் காரை நிறுத்தினால் இரு கைகளும் ஸ்டீயரிங் மேல் இருக்கட்டும். மிச்சிகன் போன்ற மாநிலங்களில் துப்பாக்கி இருப்பதை உடனே சொல்ல வேண்டும்; மற்ற சிலவற்றில் கேட்டால் சொன்னால் போதும். எப்படியானாலும் பையை நோக்கிக் கை போகக் கூடாது. 2016-இல் மினசோட்டாவில் உரிமம் பெற்ற கறுப்பினத்தவரான ஃபிலாண்டோ காஸ்டில், தன்னிடம் துப்பாக்கி இருப்பதை அதிகாரியிடம் மரியாதையாகச் சொன்னார். சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதிகாரி விடுதலையானார். உரிமம் கையில் இருப்பது மட்டும் உயிரைக் காப்பதில்லை என்பதை, நம் நிறத்தில் இருப்பவர்கள் அறிந்தே வண்டி ஓட்ட வேண்டும்.

குறை இருந்தால் என்ன செய்வது?

வாங்கிய அன்றே வரிசை எண்ணைக் குறித்து, தயாரிப்பாளரின் இணையதளத்திலோ தொலைபேசியிலோ திரும்பப் பெறும் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய துப்பாக்கி என்றால் இது இன்னும் அவசியம். அறிவிப்புக் கடிதம் முதல் உரிமையாளருக்குப் போயிருக்கும், உங்களுக்கு வராது. ஸ்மித் அண்ட் வெஸன் தயாரித்த வால்தர் பிபிகே 2009-இலும், ஸ்பிரிங்ஃபீல்ட் எக்ஸ்டிஎஸ் 2013-இலும் இப்படித் திரும்பப் பெறப்பட்டவைதாம். அவற்றில் எத்தனை பழுது நீக்காமலே கைமாறியிருக்கும் என்று நினைத்தால் பயமாக இருக்கிறது. பழுதுக்கு அனுப்பும் துப்பாக்கியைத் தயாரிப்பாளர் நேராக உங்களுக்கே திருப்பி அனுப்பலாம். கடை வழியாக வர வேண்டியதில்லை.

2005-இல் வந்த ஒரு சட்டம் துப்பாக்கித் தயாரிப்பாளர்களைப் பெரும்பாலான வழக்குகளிலிருந்து காக்கிறது. ஆனால் வடிவமைப்பிலோ தயாரிப்பிலோ உள்ள குறையால் காயம் ஏற்பட்டால் வழக்குத் தொடரலாம் என்ற விலக்கு அதிலேயே இருக்கிறது. டாரஸ் நிறுவனத்தின் ஒன்பது மாடல்கள் கீழே விழுந்தால் வெடிக்கின்றன என்று ஒருவர் தொடங்கிய வழக்கு, ஏறத்தாழ பத்து லட்சம் துப்பாக்கிகளைத் தழுவிய சமரசமாக முடிந்தது. தோட்டாவை எடுக்க வேண்டுமானால் சேஃப்டியை விடுவித்தாக வேண்டும் என்ற மோசமான அமைப்போடு பிரைகோ நிறுவனம் செய்த மலிவான துப்பாக்கியால், 1994-இல் கலிஃபோர்னியாவில் 7 வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தான். 2003-இல் நடுவர் குழு 2.4 கோடி டாலர் இழப்பீடு என்றது. நிறுவனம் திவால் மனு கொடுத்தது.

விலக்குக்குள்ளும் ஒரு வலை இருக்கிறது. விசையை அழுத்திய செயலே குற்றம் என்று ஆகிவிட்டால், குறை இருந்தாலும் தயாரிப்பாளர் தப்பிவிடுவார். மேலே சொன்ன இல்லினாய்ஸ் சிறுவனின் மரணம் தொடர்பான வழக்கை அம்மாநில உச்ச நீதிமன்றம் 2009-இல் இந்தக் காரணத்தால்தான் தள்ளியது. ஆகவே தானாக வெடித்துக் காயம் பட்டால், சிகிச்சைக்கு அடுத்த வேலை சாட்சியத்தைக் காப்பது. துப்பாக்கியைப் பிரிக்காதீர்கள், சுத்தம் செய்யாதீர்கள், வழக்கறிஞரைக் கேட்காமல் தயாரிப்பாளருக்கு அனுப்பாதீர்கள். வெறும் தோட்டாக் கூடு, ஹோல்ஸ்டர், அன்று அணிந்திருந்த உடை எல்லாமே சான்றுகள். பல மாநிலங்களில் வழக்குத் தொடர இரண்டு மூன்று ஆண்டுகளே அவகாசம்.

வீட்டுக்குள் இருக்கும் ஆபத்து

திருடனை நினைத்து வாங்கும் துப்பாக்கி வேறு வழியில் உயிரைக் குடிப்பதே அதிகம். அமெரிக்காவில் 2021-இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அவர்களில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். கலிஃபோர்னியாவில் 2.6 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்களை வைத்து 2020-இல் வெளியான ஆய்வில், கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்ளும் வாய்ப்பு, வைத்திராதவர்களைவிட எட்டு மடங்கு. பெண்களில் 35 மடங்கு. வேலை போன நேரம், விசா மறுக்கப்பட்ட நேரம், மணமுறிவு, பிள்ளைக்கு மனச்சோர்வு என்று வீட்டில் ஏதாவது நடந்தால், துப்பாக்கியைச் சிறிது காலம் வெளியே அனுப்புங்கள். சில கடைகளும் காவல் நிலையங்களும் பாதுகாப்பில் வைத்துக்கொள்ளும். உறவினரிடம் கொடுப்பதற்கான விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 988-க்கு எந்நேரமும் அழைக்கலாம்.

விமான நிலையம்

சிறியது என்பதாலேயே மறந்துபோகும். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைச் சாவடிகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன. 93 சதவீதத்தில் தோட்டா இருந்தது. பையில் இருந்தது நினைவில்லை என்பதே பலர் சொன்ன காரணம். அந்த ஆண்டில் அபராதம் ஏறத்தாழ 15,000 டாலர்வரை போனது. சில இடங்களில் கைதும் உண்டு.

சென்னைக்கு வருபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பயிற்சிக்குக் கொண்டுபோன பையின் மடிப்பில் ஒரே ஒரு தோட்டா தங்கியிருந்தாலும், இந்தியாவில் ஆயுதச் சட்டம், 1959-இன்கீழ் உரிமமில்லாமல் வைத்திருந்த குற்றமாக வழக்குப் பதிவாகும். அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 1972-லேயே சொல்லியிருக்கிறது. தெரியாமல் வந்த ஒற்றைத் தோட்டா வழக்குகள் பலவற்றை உயர் நீதிமன்றங்கள் ரத்து செய்தும் இருக்கின்றன. ஆனால் அதற்குள் பயணம் போய்விடும், திரும்பும் விமானமும் போய்விடும். பாஸ்போர்ட் சிக்கலில் மாட்டும். பிடிபட்டால், தோட்டா இருந்தது தெரியாது என்பதை முதல் வாக்குமூலத்திலேயே சொல்லுங்கள், அமெரிக்க உரிமத்தின் நகலையும் பயிற்சி மையத்தின் ரசீதையும் வழக்கறிஞரிடம் கொடுங்கள். சுடும் மையத்துக்குக் கொண்டுபோகும் பையை ஊருக்கு வரும்போது எடுத்துவராதீர்கள்.