மொட்டை மாடியில் அலைச்சறுக்கு

பூந்தமல்லியிலிருந்து கோவளம் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். வெளிவட்டச் சாலையைப் பிடித்து வண்டலூர் போய், அங்கிருந்து கேளம்பாக்கம் வழியாகக் கடற்கரைக்குப் போக வேண்டும். விடிகாலையில் கிளம்பினால் சுகமான பயணம்தான். திரும்பி வரும்போது வெயிலும் லாரியும் சேர்ந்து உயிரை வாங்கிவிடும். சர்ஃபிங் கற்க ஆசைப்படும் பூந்தமல்லிக்காரருக்கு மாதத்தில் ஒன்றிரண்டு நாள் கடல் வாய்த்தாலே அதிகம். பக்கத்தில் இருக்கும் செம்பரம்பாக்கம் குடிநீர் ஏரி. அதில் இறங்கவும் கூடாது, அலையும் கிடையாது. பூந்தமல்லி மெட்ரோ வழித்தடத்தின் மறுமுனை கலங்கரை விளக்கம்தான் என்றாலும், மெரினா நீரோட்டத்தில் பயிற்சி எடுக்கலாம் என்று யாரும் கனவு காண வேண்டாம். மிச்சமிருப்பது வீட்டு மொட்டை மாடி. அதில் கற்றுக்கொள்ள நிறையவே இருக்கிறது. பலர் தொடங்கும் இடம்தான் தவறு.

அலைமேல் நிற்பவர் எதைச் செய்து அங்கே வந்து சேர்ந்தார் என்று படத்தில் தெரிவதில்லை. போட்டிகளில் வீரர்களை நேரக்கணக்கு வைத்துக் கவனித்த ஆய்வுகள் இருக்கின்றன. தண்ணீரில் இருக்கும் நேரத்தில் ஏறக்குறைய பாதி, குப்புறப் படுத்துக் கையால் துழாவுவதிலேயே போகிறது. இதைத்தான் கோவளத்துப் பையன்கள் ‘பேடில்’ என்பார்கள். மீதியில் பெரும்பகுதி அலைக்காகக் காத்திருப்பது. அலைமேல் சறுக்கும் நேரம் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தேர்ந்தவர்களுக்கே இந்தக் கணக்கு என்றால், புதிதாக வருபவருக்கு ஒரு காலை முழுவதும் சேர்த்தாலும் நின்ற நேரம் ஒரு நிமிடத்தைத் தொடுவது கஷ்டம். படுத்த நிலையிலிருந்து எழுந்து நிற்கும் ‘பாப்-அப்’ ஒரு நொடி வேலை. கடலில் மட்டும் பழகினால் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து முறை வாய்க்கலாம். அதே அசைவை மாடியில் அரை மணி நேரத்தில் ஐம்பது முறை செய்துவிடலாம். தரைப் பயிற்சியின் முழு நியாயமும் இந்த ஒரு கணக்கில் இருக்கிறது.

முதலில் ஒரு போர்டு வரைந்துகொள்ளுங்கள். புதியவர்களுக்குத் தரும் மெத்தென்ற ஃபோம் போர்டு சுமார் எட்டடி நீளம், இருபத்திரண்டு அங்குல அகலம் இருக்கும். அந்த அளவில் சாக்பீஸால் கோடு இழுங்கள். நடுவில் முனையிலிருந்து வால்வரை கோலமாவில் ஒரு நேர்க்கோடு. அதன்மேல் மெல்லிய யோகா விரிப்பை விரித்தால் கோடு மறைந்துவிடும் என்பதால், விரிப்பின் மேலேயே ஒரு டேப்பை ஒட்டிவிடுவது நல்லது. தட்டோடு பதித்த மாடி ஏழரை மணிக்கே சுடத் தொடங்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

எந்தக் கால் முன்னால் என்பது அடுத்த கேள்வி. நேராக நில்லுங்கள், பின்னாலிருந்து யாராவது எதிர்பாராமல் லேசாகத் தள்ளட்டும். விழாமல் இருக்க எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுவே முன்கால். இடது கால் முன்னால் என்றால் ‘ரெகுலர்’, வலது என்றால் ‘கூஃபி’. இரண்டில் உயர்வு தாழ்வு இல்லை. இரண்டு பக்கமும் செய்து பார்த்து, சந்தேகம் தீர்ந்தபின் ஒன்றிலேயே நில்லுங்கள்.

இனி எழுவது. குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்குங்கள். உள்ளங்கைகள் கீழ் விலா எலும்புக்குப் பக்கத்தில், தரையில் பரப்பி இருக்க வேண்டும். இங்கேதான் முதல் கெட்ட பழக்கம் தொற்றுகிறது: போர்டின் ஓரத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடிப்பது. ஓரத்தைப் பிடித்தால் ஒரு கையின் அழுத்தம் கொஞ்சம் கூடினாலும் போர்டு அந்தப் பக்கம் சாயும். தரை சாயாது, அதனால் மாடியில் இந்தத் தவறு உங்களுக்குத் தெரியவே தெரியாது. கைகளால் அழுத்தி, இடுப்பை உயர்த்தி, கிடைத்த இடைவெளியில் முன்காலை இரண்டு கைகளுக்கும் நடுவே கொண்டுவாருங்கள். பின்கால் வால் பக்கம், தோள் அகலத்துக்குச் சற்று அதிகமான இடைவெளியில், குறுக்காகப் படிய வேண்டும். இரண்டு பாதங்களும் நடுக்கோட்டை மிதிக்க வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்கட்டும். கண் கீழே போகக் கூடாது. எதிர்வீட்டுத் தண்ணீர் டேங்கைப் பாருங்கள். எழுந்து முடித்தபின் மட்டும் குனிந்து, பாதம் எங்கே விழுந்திருக்கிறது என்று சோதியுங்கள்.

தண்டால் எடுத்துப் பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. ஆனால் அவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை: முழங்காலை ஊன்றி எழ வேண்டாம். முழங்காலில் ஒரு கணம் நின்று அப்புறம் எழுவது தரையில் வசதியாக இருக்கும். அலை அந்த ஒரு கணத்தைத் தராது. வேகமாகத் தப்பாகச் செய்யும் ஐம்பதைவிட, மெதுவாகச் சரியாகச் செய்யும் பத்து மேல். உடம்பு எதைத் திரும்பத் திரும்பச் செய்கிறதோ அதைத்தான் தண்ணீரிலும் செய்யும். யோசிக்க அங்கே நேரமில்லை.

இதை உண்மைக்கு இன்னும் கொஞ்சம் நெருங்க வைக்கலாம். கடலில் நீங்கள் பாப்-அப் செய்யும்போது கை ஏற்கெனவே களைத்திருக்கும். ஆகவே மாடியிலும் முதலில் களையுங்கள். பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் மாட்டி, குப்புறப் படுத்து, நெஞ்சைத் தூக்கியபடி ஒரு நிமிடம் மாற்றி மாற்றி இழுங்கள். வீட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்களுக்குத் தோன்றும்போது கைதட்டச் சொல்லுங்கள். தட்டிய உடனே இன்னும் இரண்டு இழுப்பு, பிறகு எழுங்கள். அந்த இரண்டு இழுப்புக்குக் காரணம் உண்டு: அலை வாலைத் தூக்கியதுமே புதியவர்கள் அவசரப்பட்டு எழுந்துவிடுகிறார்கள், அலை அவர்களை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. போர்டு தானாக வழுக்கத் தொடங்கும்வரை துழாவ வேண்டும். முதுகோ தோளோ வலித்தால் நிறுத்துங்கள். தோள் வலியோடு கடலுக்குப் போவதில் அர்த்தமில்லை.

உருளைமேல் பலகை வைத்த பேலன்ஸ் போர்டைத்தான் பலர் முதலில் வாங்குகிறார்கள். கணுக்காலுக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் சர்ஃப் போர்டு அலையில் வேகமெடுத்ததும், சும்மா மிதந்தபோது இருந்ததைவிட நிலையாகிவிடுகிறது. வேகம்தான் அதைத் தாங்குகிறது. நின்ற இடத்திலேயே ஆடும் பலகையில் நிற்கக் கற்பது வேறொரு வித்தை. காசு செலவழிக்க வேண்டுமென்றால் அதை நீச்சல் வகுப்புக்குக் கொடுப்பேன்.

சக்கரப் பலகையின் கதை வேறு. 1950-களில் கலிஃபோர்னியாவில் அலையில்லாத நாட்களைக் கழிக்கச் சர்ஃபர்கள் ஏறிக்கொண்டதுதான் ஸ்கேட்போர்டு. 1990-களில் அங்கேயே வெனிஸ் கடற்கரையில் ‘கார்வர்’ நிறுவனத்தார் முன்சக்கரம் இடவலமாக நன்றாகத் திரும்பும்படி செய்தார்கள். காலால் தரையை உந்தாமல், உடம்பைத் திருகியே ஓட்டலாம். தலை திரும்ப, தோள் திரும்ப, இடுப்பும் பின்தொடர்வது என்ற வரிசையை அது சொல்லித்தரும். மாமல்லபுரத்தில் ஸ்கேட்போர்டும் சர்ஃபிங்கும் ஒரே ஆளிடம் சேர்ந்ததற்கு உதாரணம் கமலி மூர்த்தி. சிறுமியாக அவர் ஸ்கேட்போர்டு ஓட்டுவதைப் பற்றிய ‘கமலி’ என்ற குறும்படம் 2020-இல் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பிறகு அவர் தேசிய சர்ஃபிங் போட்டிகளில் வென்றார். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் சக்கரப் பலகையோடு இறங்குவது தற்கொலைக்குச் சமம். அடுக்ககத்தின் கீழ்த்தளம் காலியாக இருக்கும் நேரம் பாருங்கள். ஹெல்மெட்டும் முழங்கால் கவசமும் கட்டாயம்.

தரை சொல்லித்தராதது, எந்த அலை உடையும், எங்கே உடையும் என்பது. கோவளத்தில் சர்ஃபிங் பள்ளி தொடங்கிய மூர்த்தி மேகவன் மீனவக் குடும்பத்தில் பிறந்தவர். அவரையும் அவரைப் பின்பற்றி வந்த குப்பத்துப் பிள்ளைகளையும் முன்னுக்குக் கொண்டுவந்ததில், கரையில் பிறந்து வளர்ந்ததால் வந்த கடலறிவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2025 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஆசிய சர்ஃபிங் சாம்பியன்ஷிப் நடந்தபோது கர்நாடகத்தின் ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார். அந்தப் போட்டியில் இந்தியர் ஒருவர் தனிப்பிரிவில் பெற்ற முதல் பதக்கம். அவரும் கடலோரத்துப் பிள்ளைதான். மாடிக்காரர் இந்தக் குறையை ஈடுகட்ட ஒரு வழி: கடலுக்குப் போகும் நாளில் உடனே இறங்காமல் கால்மணி நேரம் மணலில் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் கொத்தாக வருவதும், இடையில் கடல் சும்மா கிடப்பதும், தேர்ந்தவர்கள் எந்த இடத்தில் காத்திருக்கிறார்கள் என்பதும் புரியும்.

விழுவதையும் மாடியில் பழகலாம். பாப்-அப் முடிந்ததும் இரண்டு கையாலும் தலையை மூடிக் குந்துங்கள். கரையோரம் ஆழம் குறைவு என்பதால் தலைகுப்புற விழக் கூடாது. நீரிலிருந்து எழும்போதும் முதலில் கை வர வேண்டும், பிறகு தலை. காலில் கயிற்றால் கட்டிய போர்டு துள்ளித் திரும்பி வந்து அடிப்பது அந்த நேரத்தில்தான்.

முதல் வகுப்பில் பயிற்றுநர் மணலில் போர்டு வரைந்து, நீங்கள் மாடியில் செய்த அதையே திரும்பச் செய்யச் சொல்வார். எனக்குத் தெரியும் என்று தாண்டிப் போகாதீர்கள். மணலில் பாதம் புதையும், எழுவது மாடியைவிடக் கனமாக இருக்கும். உங்கள் முன்கால் எது என்பதை அப்போதே சொல்லிவிட்டால், போர்டின் கயிற்றைப் பின்காலில் சரியாகக் கட்டிவிடுவார்.